அம்மாவின் குரலில் ஒரு கல்யாணப் பாட்டு

பாலோவிலிருந்து குளுவாங் போகும் சாலையில், எண்ணெய் தரும் செம்பனை மரங்களின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். கல்யாணத்துக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். பையில் ஒரு துண்டும் கைப்பேசியின் சார்ஜரும்தான் இருந்தன. அம்மா என்னை வீட்டைவிட்டு அனுப்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"அந்த கேசட்டோட வா. இல்லாட்டி இந்த வாசல மிதிக்காத" என்று சொல்லியிருந்தார்.

கேசட் ஜொகூர் பாருவில் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு வயதில், படிவம் இரண்டில், பள்ளியை விட்ட நாளிலிருந்து பல ஊர்களை விட்டு நடந்து வெளியேறியிருக்கிறேன். சில இடங்களில் என்னைத் துரத்தினார்கள், சில இடங்களில் நானே ஒரு காலையில் கிளம்பிவிட்டேன். லாபிஸில் மரம் அறுக்கும் பட்டறை, சிங்கப்பூரில் கட்டடங்களைக் கழுவும் வேலை, ஒரு கோழிப் பண்ணை. கைக்கு வந்த நாளிலிருந்து, எங்கே போனாலும் அந்த கேசட் என் பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இருந்தது. போட்டுக் கேட்டதில்லை. கேட்பதற்குக் கருவியும் என்னிடம் இல்லை.

அது என் அண்ணன் இறந்த அன்று பதிவு செய்தது. அப்போது எங்கள் குடும்பம் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தது. அண்ணனுக்கு இருபத்தாறு வயது. செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் பள்ளத்தில் கவிழ்ந்து, அடியில் மாட்டிக்கொண்டான். அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சாவுக்கு வர முடியாதவர்களுக்காக எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பிணத்தின் தலைமாட்டில் ஒரு ரேடியோ செட்டை வைத்து, பெண்கள் பாடி அழுவதை கேசட்டில் பிடித்து அனுப்பிவிடுவார்கள். தூரத்தில் இருப்பவர் அதை முழுவதும் கேட்டுவிட்டுத் தலைக்குக் குளிப்பார். அப்படிச் செய்துவிட்டால் அவர் வந்துபோனதாகவே கணக்கு. மாமாவும் கேட்டுக் குளித்ததாகச் சொன்னார்கள்.

மாமா இறந்த பிறகு அத்தை அதை என்னிடம் கொடுத்தார். "உங்க வீட்டுது, நீயே வச்சுக்க." அம்மாவிடம் நான் சொல்லவில்லை. தலைமாட்டில் ரேடியோ இருந்ததே அம்மாவுக்கு நினைவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் பாடி யாரும் கேட்டதில்லை. கல்யாண வீடுகளுக்கும் போவதை விட்டுவிட்டார்.

போன வருடம் ஜொகூர் பாருவில், மோட்டார் பட்டறைக்கு மேலே இருந்த ஒரு அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே முப்பது வயதுக்காரர் ஒருவர் கம்ப்யூட்டரில் பாட்டுகள் செய்துகொண்டிருந்தார். விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் தூக்குவதும் வயர் சுற்றுவதும் என் வேலை. ராத்திரியில் அந்த அறையிலேயே படுத்துக்கொள்ளலாம். பழைய சத்தங்கள் வேண்டும் என்று அவர் பழைய கேசட் கருவி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், கொஞ்சம் கூச்சத்தோடு, இதைப் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டேன்.

முதலில் இரைச்சல். பிறகு ஒரு சேவல். பிறகு அம்மாவின் குரல், நான் மறந்தே போயிருந்த அளவுக்கு உரக்க:

"பந்தலு போட்டாச்சு, பூமால வந்தாச்சு, பட்டு உடுத்தி வா என் ராசாவே."

பாட்டு செய்கிறவர், தின்றுகொண்டிருந்த மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ணே, யாரு ணே இது?"

"எங்கம்மா."

"பவர் லா வாய்ஸு. கல்யாணப் பாட்டா?"

கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்குப் பாடும்போது எங்கள் பெண்கள் அவனை மாப்பிள்ளையாக்கித்தான் பாடுவார்கள். நடக்காத கல்யாணத்தை முதலில் நடத்திவிட்டு, பிறகு அழுவார்கள். அம்மாவின் இரண்டாவது வரி இது: "பாடையில ஏறவா இந்தப் பந்தலு போட்டோம், பதிலு சொல்லு என் மகனே." அந்த வரியில் அம்மாவின் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தெரிந்தவனுக்கு மட்டும்தான் சொற்கள் புரியும். பாட்டு செய்கிறவரோ ஜொகூர் பாரு அடுக்குமாடியில் வளர்ந்தவர். அவர் பார்த்த சாவு வீடுகளில் உறுமி மேளக்காரர்கள் வருவார்கள், அடிப்பார்கள், போவார்கள். பெண்கள் உட்கார்ந்து பாடி அவர் கேட்டதில்லை.

"ஆமா, கல்யாணப் பாட்டுதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் சாவைச் சொல்ல மனம் வரவில்லை. என்னிடம் இருந்த ஒரு பொருளை இன்னொருவர் ஆசையோடு பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை. இரண்டும்தான்.

அவர் முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்தார். பதினோரு விநாடி. வேகத்தைக் கூட்டியதும் அம்மாவின் குரல் இருபது வயதுப் பெண்ணின் குரலாகிவிட்டது. பின்னால் மற்ற பெண்கள் அழுத சத்தத்தைக் கல்யாணக் கூட்டத்தின் கூச்சல் என்று எடுத்துக்கொண்டு, அதில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது லைன் வேணாம் ணே. அம்மாவுக்கு சளி போல, சரியா கேக்கல" என்றார்.

அம்மாவின் வரி முடிந்ததும் மேளம், பிறகு ஒரு பையன் வேகமாகப் பேசுவது போலப் பாடும் பகுதி, மறுபடி அம்மா. நடுவில் ஓரிடத்தில் மேளம் எல்லாம் நின்று குரல் மட்டும் வரும். குரலும் நின்ற பிறகு, கூட்டம் கைதட்டுவதற்காகக் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தார்.

மூன்று மாதத்தில் அந்தப் பாட்டு எங்கும் வந்துவிட்டது. லோரியில், கைப்பேசியில், ரொட்டிச் சானாய் கடையில். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது போடுகிற பாட்டாக அது ஆகிவிட்டது. நான் போய் ஸ்பீக்கர் வைத்த கல்யாணங்களிலேயே எத்தனையோ தடவை கேட்டேன். முதல் சில தடவை வெளியே போய் நின்றேன். அப்புறம் பழகிவிட்டது. அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன், அவர் கல்யாணங்களுக்கும் போவதில்லை, கேட்க வாய்ப்பே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு அம்மா போவதாக என் தங்கை போனில் சொன்னாள். அந்தப் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாதான் குளிப்பாட்டி வளர்த்தவர். கல்யாணத்துக்கு முந்தின நாளே நான் பாலோவுக்குக் கிளம்பினேன். கல்யாணத்தன்று காலை தேவான் மண்டபத்தில் பாட்டுப் போடுகிறவரிடம் போய்ச் சொன்னேன், "தம்பி, அந்தப் பந்தல் பாட்டு மட்டும் வேணாம்."

"அலமாக், என்னா ணே நீங்க? பொண்ணே கேட்ட பாட்டு. அது இல்லாம இப்ப எவன் உள்ள நடக்கறான்?"

"வேற எதாச்சும் போடேன்."

"ஏன் ணே, காரணம் சொல்லுங்க. நான் போய்ப் பொண்ணுகிட்ட சொல்றேன்."

காரணத்தை என்னால் சொல்ல முடியவில்லை. மணப்பெண் அலங்காரத்தோடு வாசலில் நிற்கிறாள். நீ கேட்ட பாட்டு ஒப்பாரி என்று அவளிடம் போய்ச் சொல்வதா? திரும்பி வந்து அம்மாவுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து பார்த்தால் அவருடைய காது மட்டும் தெரிந்தது.

முதல் தடவை வரி வந்தபோது அம்மா அசையவில்லை. வேகத்தில் அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் பாதித் தூரம் வந்திருந்தார்கள். மேளம் நின்றது. குரல் மட்டும் வந்தது. "பட்டு உடுத்தி வா என் ராசாவே." கைதட்டுவதற்கான வெற்றிடம் வந்தது.

அந்த வெற்றிடத்தில் அம்மா பாடினார். எழுந்து நின்றுகூட அல்ல, உட்கார்ந்தபடியே, மடியில் கைகளை வைத்துக்கொண்டு. "பாடையில ஏறவா இந்தப் பந்தலு போட்டோம், பதிலு சொல்லு என் மகனே." இத்தனை வருடம் பாடாத தொண்டை, கரகரவென்று இருந்தது. ஆனால் தேவான் முழுக்கக் கேட்டது.

வயதான பெண்கள் நாலைந்து பேர் உடனே வாயில் கைவைத்தார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது, யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள். பெண் நடுவழியில் நின்றுவிட்டாள். அவளுடைய அம்மா பூத்தட்டோடு எங்கள் வரிசைக்கு வந்தார்.

"எம்பொண்ணு கால் எடுத்து வைக்கறப்ப பாடற பாட்டா அக்கா இது? அவ உங்களுக்கு என்ன பாவம் பண்ணினா?"

"நானா போட்டேன்?" என்றார் அம்மா. "நீதான போட்ட. எம்புள்ள சாவுக்கு நான் அழுதத நீ எங்கேருந்து எடுத்த?"

பெண்ணின் அம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். நான் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். தங்கை செருப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். சாப்பிடாமல் வந்தோம். சாப்பிட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அம்மா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"முழுசா இருக்கா அதுல?"

"ஒரு பக்கம் முழுக்க இருக்கும்மா."

"அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்ல?"

"கூப்பிட்டிருப்பீங்க."

"அந்தப் பாட்டக் கேட்டதும் ஒரு வரி தானா வந்துச்சு. மத்தபடி அன்னிக்கி என்ன பாடினேன்னு எனக்கு ஒண்ணுமே தெரியல. அப்ப இருந்த சனமும் போயிருச்சு. லயத்தையும் இடிச்சுட்டாங்க. அவனுக்கு நான் என்ன சொன்னேன்னு நான் கேக்கணும்." பிறகுதான் வாசலை மிதிக்காதே என்று சொன்னார். தங்கை எனக்காகப் பேசப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாறு கல் நடந்த பிறகு முட்டை ஏற்றிக்கொண்டு போன சீனர் ஒருவர் தன் வேனில் குளுவாங்வரை ஏற்றிக்கொண்டார். அங்கிருந்து பேருந்து. ஜொகூர் பாருவில் அந்த அறைக்கு ஏறும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் வேறு ஏதோ பாட்டில் இருந்தார்.

"என்னா ணே, மாப்பிள்ள கோலத்துல வரீங்க?"

"அந்த கேசட்ட எடுங்க. ஊருக்குக் கொண்டு போகணும்."

அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். "அது இல்ல ணே. ரெண்டாவது வாட்டி போடறப்பவே மெஷின் தின்னுருச்சு. நாடா பூரா அறுந்து மீ மாதிரி வெளிய வந்துச்சு. குப்பையில போட்டுட்டேன்."

"கம்ப்யூட்டர்ல?"

"வேண்டிய துண்டு மட்டுந்தான் எடுத்தேன். நீங்க கேக்கவே இல்லையே ணே. வேணாம் போலன்னு நெனச்சேன்."

சொன்னது சரிதான். ஒரு வருடமாக நான் கேட்கவில்லை. அந்த அறையிலேயே படுத்துக்கொண்டிருந்தும் கேட்கவில்லை.

"அது கல்யாணப் பாட்டு இல்ல. எங்கண்ணன் செத்தப்ப அம்மா பாடினது" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். "என் தங்கச்சி கல்யாணத்துல நான் அதத்தான் போட்டேன்" என்றார் மெதுவாக. பிறகு, "ஏன் ணே அன்னிக்கே சொல்லல?"

மேளம் சேர்க்காத, வேகம் கூட்டாத அந்தப் பதினோரு விநாடியை என் கைப்பேசிக்கு அனுப்பினார். அதில் அண்ணனின் பெயர் இல்லை. "ராசாவே" என்று முடிகிறது. அதோடு ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

கீழே பட்டறை வாசலில் நின்றபோது தங்கை அழைத்தாள்.

"கெடச்சிச்சா ணே? அம்மா கேக்கறாங்க. சாப்பிடாம உக்காந்திருக்காங்க."

"தேடறாங்க" என்றேன். "பழைய பெட்டி நெறைய இருக்கு. ரெண்டு நாளாவும்."

"ரெண்டு நாள்னு சொல்லிடவா?"

"சொல்லு."

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் தூங்கினேன். காலையில் பாலோ பக்கம் திரும்பாமல், முதல் பேருந்தில் கோத்தா திங்கிக்குப் போனேன். அந்தப் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஆள் எடுப்பதாக முன்பே கேள்விப்பட்டிருந்தேன். மலாய்க்கார மேற்பார்வையாளர் என் வேட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பழைய கால்சட்டை ஒன்றையும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸையும் எடுத்துப் போட்டார். ஊர் எது என்று கேட்டார். லாபிஸ் என்றேன். குடும்பம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். உள்ளே இயந்திரச் சத்தம் அதிகம் என்று காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார். கைப்பேசியைக் கொட்டகையில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அது இங்கே சட்டம் என்றார். பெட்டியில் போட்டேன். லோரி கொட்டிய குலைகளைக் கொக்கியால் இழுத்துச் சரிவில் தள்ளிவிடுவதுதான் வேலை. ஒன்பது மணிக்கு முதல் லோரி வந்தது.