தரையைத் தொடாத கால்

ஓட்டத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்த என் மச்சானின் வலது கை திடீரென்று பின்தொடைக்குப் போயிற்று. யாரோ பின்னாலிருந்து கல்லால் எறிந்ததுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஒற்றைக்காலில் தத்திப் போய் விழுந்தான். கைபேசியில் படம் பிடித்தபடி நான் வாய் திறந்து நின்றேன். மற்றவர்கள் அவனைக் கடந்து ஓடி முடித்த பிறகுதான் எனக்கு நடக்கத் தோன்றியது.

அவன் என் மனைவியின் தம்பி. பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவன். மனைவி இறந்தபின் பல மாதங்கள் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தவனை எழுப்பியது ஓட்டம்தான். அறுபது தாண்டியவர்களுக்கான நூறு மீற்றர் போட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவன் வேறு ஆளாகிவிட்டான்.

பயிற்சித் திட்டம் என்னுடையது. நான் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவி. தொடையளவு தண்ணீரில் ஓடிப் பழகினால் தரையில் கால் பறக்கும் என்று கணக்குப் போட்டேன். தரையில் ஓடினால் இந்த வயதில் முழங்கால் பழுதாகும் என்று சொல்லி, அதை அறவே நிறுத்தினேன். மச்சான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்னால் அவனுக்கு அது சரிதான்.

தினமும் காலையில் அவன் தண்ணீரை உழுதுகொண்டு ஓடுவான். நான் கரையில் நின்று, முழங்காலை உயர்த்து என்று கத்துவேன். வலை வீசுகிறவர் ஒருவர், இறால் எல்லாம் ஓடுகிறது என்று முறையிடுவார். ஒருநாள் அவர், "இன்னும் வேகமா ஓடோணுமெண்டா முதலையத்தான் கூட்டிவரணும், சேர்" என்றார்.

மச்சான் நிற்காமலே சொன்னான்: "இஞ்ச உள்ள முதலையும் பென்சன் எடுத்ததுதான்."

விழுந்த அன்று மாலை, மைதானத்தில் பள்ளம் இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் மனைவியிடம், வயது போய்விட்டது, தசையில் பலம் இல்லை என்றேன். இரண்டும் மச்சானின் காதில் விழுந்தன. தொடை கறுத்து வீங்கிக் கிடந்தவன் என் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்க மச்சான். நீங்க பட்ட பாடு வீணாப்போச்சு" என்றான். நான் பெருந்தன்மையோடு அவன் தோளைத் தட்டினேன். இன்று நினைத்தாலும் அந்தக் கை கூசுகிறது.

சில வாரங்களின் பின் அவனைப் பிசியோதெரபிக்காக நகரத்தில் ஓர் இயன்மருத்துவரிடம் அழைத்துப்போனேன். இளம் பெண். அவனை உள்ளே கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வந்து, விழுந்ததை யாராவது படம் பிடித்தார்களா என்று கேட்டார். பள்ளத்தைக் காட்டிவிடலாம் என்று கைபேசியை நீட்டினேன். அவர் படத்தை மெதுவாக ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார்.

"கால் எங்க இருக்கெண்டு பாருங்க, சேர்."

மச்சானின் முகம் அதற்குள் கோணிவிட்டது. வலது காலோ அந்தரத்தில் இருந்தது. முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி முன்னால் வீசப்பட்டு, பாதம் நிலத்துக்குச் சாண் உயரத்தில் நின்றது. பள்ளமாவது மேடாவது. அந்தக் கால் தரையைத் தொடவே இல்லை.

வேகமாக ஓடும்போது முன்தொடைத் தசை காலை முன்னே வீசுகிறது என்று அவர் விளக்கினார். பாதம் நிலத்தில் படுமுன் அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துவது பின்தொடைத் தசை. தான் நீண்டுகொண்டே, அதே நேரம் இழுத்தும் பிடிக்க வேண்டும். பலருக்கு அந்த நொடியில்தான் கிழிகிறது. பிறகு, எப்படிப் பயிற்சி செய்தார் என்று கேட்டார். சொன்னேன்.

"தண்ணிக்குள்ள மட்டுமா?" படத்தை இன்னொருமுறை ஓடவிட்டார். "காலைத் தண்ணியே நிப்பாட்டியிருக்குமே, சேர்."

தடைவிசை அசைவுக்கு எதிராக இருக்கும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டிருப்பேன். காலை முன்னே வீசும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டது. முன்தொடைக்கு மட்டும்தான் வேலை கூடியது. பின்தொடைக்கு நிறுத்திப் பழகவே வாய்ப்பில்லை. அந்தக் காலைத்தான் நான் தரையில் இறக்கிவிட்டேன்.

வயதும் ஒரு காரணம், இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். பின்தொடையைப் பழக்கினால் திரும்பவும் ஓடலாம் என்றார். அதற்கு ஒரு பயிற்சி உண்டு: முழங்காலில் நின்று, உடம்பை முன்பக்கமாக மெல்ல மெல்லச் சாய்க்க வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் கணுக்கால்களை அமர்த்திப் பிடிக்க வேண்டும். காயம் ஆறிவிட்டதால் இனி மெல்லத் தொடங்கலாம்.

ஓட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறியபோது மச்சான் வாவியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொல்ல அதுவே நல்ல நேரம். நான் சொல்லவில்லை. அவன் என்னை நம்பிய அளவுக்கு வேறு யாரும் என்னை நம்பியதில்லை. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு நியாயம் எதுவும் இல்லை.

அந்தக் கிழமையே அவன் தன் ஸ்பைக்ஸ் ஓட்டச் சப்பாத்தை ஒரு பையில் போட்டு, யாருக்காவது கொடுக்கும்படி அக்காவிடம் தந்துவிட்டான். உடம்பு போய்விட்டதாம், இனிச் சரிவராதாம். திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கிவிட்டான் என்று மனைவி என்னிடம் அழுதாள். பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

படத்தைக் காட்டினேன். தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். பிழை அவன் வயதில் இல்லை, என் கணக்கில் என்றேன். திரும்பவும் ஓடலாம் என்று, கணுக்காலைப் பிடித்துச் செய்யும் அந்தப் பயிற்சியையும் சொன்னேன். எத்தனை நாளாக இது தெரியும் என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "இவ்வளவு காலம் பஸ் ஓட்டினன். ஒருநாளும் பிரேக் பாக்காம றோட்டில இறக்கினதில்ல" என்றான். "என்னைப் பிரேக் இல்லாம இறக்கிப்போட்டு, நான் மன்னிப்புக் கேக்கக்குள்ள தோளில வேற தட்டினீங்க."

அவன் எழுந்து பாயை இழுத்துப்போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி முழங்காலில் நின்றான்.

"பிடிங்க" என்றான்.

அவனுக்குப் பின்னால் நானும் முழங்காலிட்டு, குனிந்து, அவன் கணுக்கால்களை இரண்டு கைகளாலும் அமர்த்திப் பிடித்தேன். அவன் மெல்லச் சாயத் தொடங்கினான்.