விசிலக்காவுக்குப் பயிற்சி தேவையில்லை

விசிலக்கா விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினால், மூன்று ஊர் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பிரேக் போட்டு நின்று, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்கும். மழை அவளைக் கண்டால் வரிசையில் நின்றுதான் பெய்யும். திருடர்கள் வெளியூர் போவதென்றால் அவளிடம் லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் போவார்கள். 'இப்படி ஒருத்தி பிறக்கப் போகிறாளே, அவளை எங்கே வைப்பது' என்று மண்டையை உடைத்துக்கொண்டுதான் இந்த நாட்டில் போலீஸ் இலாகாவையே ஆரம்பித்தார்கள்.

இதில் ரயில், மழை, திருடர், இலாகா எல்லாம் கொஞ்சம் கூடுதல். விசில் மட்டும் நிஜம்.

அவள் தலைமைக் காவலர். பதினெட்டு வருஷமாக ஒரே ஸ்டேஷன். காலை ஏழு மணிக்கு முற்றத்தில் முப்பது பேரை வரிசையில் நிறுத்துவாள். யாருக்கு எந்தத் தெரு என்று டியூட்டி எழுதுவாள். சல்யூட் அடிக்கும்போது முழங்கை எங்கே நிற்க வேண்டும் என்று புதுசாக வந்தவர்களுக்குக் காட்டுவாள். லாக்கப் பூட்டை எந்தப் பக்கம் தட்டினால் திறக்கும் என்பது அவளுக்கும் இரண்டு பழைய திருடர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்டேஷனில் பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி பஞ்சு. குரல் பஞ்சு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். விசிலக்காவுக்கு நாலு வருஷம் ஜூனியர். பிடிபட்ட சைக்கிள்களை அடுக்கி வைத்திருக்கும் அறைதான் இருவரும் உடை மாற்றும் அறை. அங்கே ஒரு இரும்பு அலமாரி, அதற்கு ஆளுக்கொரு சாவி. மேல்தட்டு விசிலக்காவுக்கு, கீழ்த்தட்டு பஞ்சுவுக்கு. அந்த அறைக்குக் கதவு கேட்டு விசிலக்கா பதினோரு மனு எழுதினாள். பத்தாவது மனுவுக்கு ஒரு திரைச்சீலை வந்தது. பதினோராவதுக்குக் கதவே வந்தது. லாக்கப்புக்குக் கதவு செய்கிற அதே ஆள் செய்ததால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

அப்படி இருக்கையில்தான் தலைமையகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. 'பணியாளர் மேம்பாடு, தலைமைப் பண்பு, கட்டட வசதி' என்று மூன்று தலைப்பு.

"மூணும் என்னைப் பத்தித்தான்" என்றாள் விசிலக்கா.

விஷயம் இதுதான். ஸ்டேஷனுக்குப் பின்னால் பெண் காவலர்களுக்கு ஒரு பயிற்சிக் கூடம் கட்டப் போகிறார்கள். அதை நடத்தப் போகிறவர் முதலில் தலைநகரில் ஆறு மாதம் தலைமைப் பயிற்சி முடிக்க வேண்டும். இந்த ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு இடம். அது தனக்குத்தான் என்பதில் விசிலக்காவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அஸ்திவாரக் குழியைத் தினமும் எட்டிப் பார்த்து, "தாழ்ப்பாள் உள்பக்கம்தானே வரும்?" என்று கொத்தனாரைக் கேட்பாள். "அக்கா, இன்னும் சுவரே வரலக்கா" என்பார் அவர்.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர், "பஞ்சு, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். கேட்டது ஜன்னல் அகலத்தைப் பற்றி. ஆனால் விசிலக்காவின் காதில் விழுந்தது 'நீங்க' மட்டும்தான். பதினெட்டு வருஷமாக அவளை அவர் "ஏம்மா விசிலு" என்றுதான் கூப்பிடுகிறார்.

அன்றைக்கு வயிற்றில் பற்றிக்கொண்டது. அதற்கப்புறம் பஞ்சு எதைச் செய்தாலும் எரிந்தது. அவள் பூட்ஸ் ஏன் இவ்வளவு பளபளக்கிறது? காணாமல் போன குழந்தைகள் ஏன் அவள் மடியில் மட்டும் அழுகையை நிறுத்துகின்றன? டீக்கடைக்காரர் அவளுக்கு மட்டும் ஏன் டம்ளரை இரண்டு தடவை கழுவுகிறார்?

"அவ டம்ளரை ரெண்டு தடவை கழுவினா உனக்கென்ன?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அவர் தையற்காரர், ஊசியை வாயில் கடித்துக்கொண்டே பேசுவார்.

"அப்ப என் டம்ளர் அழுக்குன்னு சொல்றீங்களா?"

அவர் நூலைக் கோக்கப் போய்விட்டார்.

இந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஒருவர் ஸ்டேஷனைப் பார்வையிட வந்தார். முற்றத்தில் முப்பது பேர். விசிலக்கா நெஞ்சை நிமிர்த்தி ஊதினாள். புஸ்ஸ் என்றது, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. மறுபடி ஊதினாள். வாயெல்லாம் கசந்ததுதான் மிச்சம். உள்ளே இருக்கும் உருண்டை அசைய முடியாதபடி யாரோ பச்சை சோப்பை அப்பியிருந்தார்கள். முப்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார்கள்.

அப்போது பஞ்சு ஒரு அடி முன்னால் வந்தாள். பக்கத்து வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கேட்கிற குரலில், "எல்லாரும் நேரா நில்லுங்க" என்றாள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதற்காகவே முப்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள். சுவரில் காக்கா நடக்கிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு ஒழுங்கை அந்த முற்றம் பார்த்ததே இல்லை.

"தலைமைன்னா இதுதான்" என்றார் மேலதிகாரி.

விசிலக்கா குழாயடியில் விசிலைக் கழுவிக்கொண்டே வழக்கை முடித்துவிட்டாள். விசில் இருப்பது அலமாரியில். சாவி இருப்பது இரண்டு பேரிடம். ஒருத்தி தான். மிச்சம் யார்? முந்தின நாள் அவள் விசிலை மறந்துபோய் வீட்டுக்கே கழுத்தில் போட்டுக்கொண்டு வந்ததும், அது ஆணியில் தொங்கியதும் அவள் ஞாபகத்துக்கே வரவில்லை. பெருமை தடுத்ததால் பஞ்சுவிடம் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் "விசில் மக்கர் பண்ணிடுச்சு" என்றதோடு சரி.

மறு வாரம் படிவங்கள் வந்தன. புது முறை. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒன்று, கூட வேலை செய்கிறவரைப் பற்றி ஒன்று நிரப்ப வேண்டும். பஞ்சுவைப் பற்றிய படிவத்தில் விசிலக்கா பேனா முனை வளையும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்: 'இவருக்கு இன்னும் நிறையப் பயிற்சி தேவை.' அந்த ஸ்டேஷனில் ஒருவரைப் பற்றி இதைவிடக் கேவலமாகச் சொல்ல முடியாது; சல்யூட்டில் செருப்பைத் தவறவிட்டவனுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள். தன் படிவத்தில், 'பயிற்சி தேவையா?' என்ற கேள்விக்கு எதிரே 'தேவையில்லை. எல்லாம் தெரியும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் முற்றத்தில் வைத்துப் படித்தார். "பயிற்சி மிகவும் தேவை என்று சக பணியாளரால் உறுதி செய்யப்பட்டவர்..." பஞ்சுவின் பெயர்.

விசிலக்காவின் முகம் இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிட்டது. பஞ்சு ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! நீங்க எழுதினதாலதான் கிடைச்சுது. உங்க இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்துட்டீங்களேக்கா!"

"அது... ஆமா... நீ என்னைப் பத்தி என்னடி எழுதின?"

"உங்களுக்குப் போய்ப் பயிற்சி தேவைன்னு எழுத எனக்கு மனசு வருமாக்கா? தேவையே இல்லன்னு எழுதினேன். அவங்ககிட்டதான் எல்லாரும் கத்துக்கணும்னு எழுதினேன்."

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது தையற்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். அவர் ஊசியை எடுப்பது அபூர்வம்.

"சட்டையைக் கொண்டு வந்து, எல்லாம் சரியா இருக்கு, ஒண்ணும் பண்ண வேணாம்னு சொன்னா, நான் என்னத்தைம்மா தைக்கிறது?"

பஞ்சு பெட்டியோடு கிளம்பிய அன்று தன் சாவியை விசிலக்காவிடம் கொடுத்தாள். "ரெண்டு தட்டையும் நீங்களே வச்சுக்குங்கக்கா." இவள் "பார்க்கலாம்" என்றாள். ஆனால் மேல்தட்டு பிதுங்கி வழிந்தபோதும் கீழ்த்தட்டில் ஒரு கர்சீப்கூட வைக்கவில்லை. வாரம் ஒரு தடவை துடைத்து மட்டும் வைப்பாள். கேட்டால், "பூச்சி வரும்ல" என்பாள். எரிச்சல் அடங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தலைநகரிலிருந்து பஞ்சு அனுப்பிய படத்தில் அவளுக்குத் தனிக் கட்டில், தனி மேசை, உள்பக்கத் தாழ்ப்பாள். விசிலக்கா அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, தாழ்ப்பாளை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

அதற்கு மறுநாள் சாப்பிடும்போது, "கொஞ்சம் உப்பு எடுங்க" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. தையற்காரர் பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே!"

"ப்ராக்டிஸ் பண்றேன். பேசாம சாப்பிடுங்க" என்றாள், பழைய குரலில். பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது.

இப்போது இரண்டாவது அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். விசிலக்கா படிவத்தில் 'பயிற்சி தேவையா?' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு 'தேவை' என்று எழுதினாள். கோடு எதுவும் போடவில்லை. படிவத்தோடு இரண்டு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பும் இணைக்க வேண்டுமாம். "என் கையெழுத்து எனக்கே புரியாது. நீ எழுது, நல்லதா எழுது" என்று மகளிடம் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள். இதுதான் அந்தக் குறிப்பு.

டியூட்டி முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள். ரயில் வரியில் சிரித்தாள். கீழ்த்தட்டு வரியில் மூக்கை உறிஞ்சினாள். திரும்ப முன்னால் போய் ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"ஏன்டி, விசில் மக்கர்னுதானே வீட்ல சொன்னேன்? சோப்புன்னு நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே. அதுவும் பச்சை சோப்புன்னு?"

விடிகாலையில் அதை ஊதி என்னை எழுப்பிவிடுவாளே என்றுதான் அன்றைக்கு அப்பினேன். தையற்காரர் அவசரமாக ஊசியைத் தேடினார்.

"பாவம்டி அவ. ஆறு மாசமா அவளையில்ல மனசுக்குள்ள லாக்கப்ல வச்சிருக்கேன்!"

கத்தவில்லை. பஞ்சு மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. கீழே சிவப்பு மையில் இருப்பது அவள் கையெழுத்து:

'எழுதியவருக்கு இன்னும் நிறையப் பயிற்சி தேவை. காலை ஐந்து மணிக்கு முற்றத்துக்கு வரவும். விசில் கழுவியாகிவிட்டது.'