கரண்ட் போனால் வருபவர்

எங்கள் குவார்ட்டர்ஸில் கீழ் வீட்டுக்காரர் பவர் ஹவுஸ் ஆபரேட்டர். டர்பைன் இரைச்சலிலேயே பழகியவர் என்பதால் எதையும் உரக்கத்தான் சொல்வார். நெய்வேலியில் கரண்ட் போவது அபூர்வம். அப்படிப் போய்விட்டால், அன்று அவருக்கு டூட்டியே இல்லாவிட்டாலும், தானே நிறுத்திவிட்டதுபோல முகம் சுருங்கிவிடும். கரண்ட் வந்ததும் மாடியேறி வருவார். பூஜ்யத்தில் மின்னிக்கொண்டிருக்கும் எங்கள் டிஜிட்டல் சுவர்க் கடிகாரத்தில் நேரத்தைச் சரியாக வைத்துவிட்டு, “மன்னிச்சிக்குங்க சார்” என்பார்.

மூட்டுவலியோடு அவர் படியேறுவது எனக்கு உறுத்தியது. ஒருநாள் கடிகாரத்தைத் திறந்தேன். காசு வடிவப் பேட்டரி போடும் இடம் காலியாக இருந்தது. ஒன்றை வாங்கிப் போட்டு, அவரைக் கூப்பிட்டு, பிளக்கைப் பிடுங்கிக் காட்டினேன். எண்கள் அணைந்தன.

“உள்ள ஒரு சிப் இருக்குங்க. கரண்ட் இல்லாதப்ப இந்தப் பேட்டரியை வெச்சிக்கிட்டு, குவார்ட்ஸ் துடிக்கிறத எண்ணிக்கிட்டே இருக்கும். நீங்க இனிமே சிரமப்பட்டு ஏற வேண்டாம்.”

பிளக்கைச் செருகியதும் சரியான நேரம் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், முதல்முறையாகத் தணிந்த குரலில் கேட்டார்:

“அப்ப, நாங்க இல்லாமயே ஓடிக்கினு இருக்குமா சார்?”

அடுத்த முறை கரண்ட் போய் வந்தபோது, வாசலில் நின்று எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அவரிடமிருந்து நான் எதைப் பிடுங்கினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றே பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கரண்ட் போகவே இல்லை.