வைத்தியர் சொன்னது ரெண்டு சொட்டு

முதலில் தன் முழங்கையில் தடவி, முகர்ந்து, எரிகிறதா என்று கண்ணை மூடிக் கவனித்துவிட்டுத்தான் மகளுக்குத் தடவுவார் லிப்ட் மெக்கானிக். அவருக்கு அரிப்பு, கரப்பான் என்று தோல் வியாதி எதுவும் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே இந்தப் பரிசோதனையில் எந்த எண்ணெயும் இதுவரை தோற்றதில்லை. எங்கள் குடியிருப்பிலேயே பளபளப்பான தோல் அவருடைய இடது முழங்கைக்குத்தான்.

மகள் சிட்டு ஒன்றாம் வகுப்பு. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், மணிக்கட்டு என்று அரிப்பு. சொறிந்தால் புண், புண் ஆறினால் மறுபடி அரிப்பு. தோல் டாக்டரின் களிம்பு ஒரு பக்கம், ஆயுர்வேத வைத்தியர் அம்மாவின் எண்ணெய் மறுபக்கம். இருவருக்குள்ளும் சண்டையில்லை. "களிம்பை நிறுத்தாதீங்க. இந்த எண்ணெய் குளிச்சதும் ரெண்டு சொட்டு, மெல்லிசா" என்றார் வைத்தியர். இதில் 'எண்ணெய்' மட்டும் லிப்ட்காரர் காதில் விழுந்தது.

தொழில் அப்படி. கிறீச்சென்று கத்திய எதுவும் அவர் எண்ணெய்க்கு மசியாமல் போனதில்லை. "கம்மியா விட்டா தேஞ்சிடும் சார். தாராளமா விட்டா அது பாட்டுக்கு ஓடும்" என்பார். லிப்ட் கப்பியைச் சொல்கிறாரா, மகளையா என்று கேட்டால் கோபம் வரும்.

பத்தியத்திலும் அதே கைதான். சிட்டுவுக்குக் கத்தரிக்காயைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கச் சொன்னார் வைத்தியர். இவர் வீட்டுக்கே நிறுத்தினார். விருந்துக்கு வந்த மைத்துனர் கெஞ்சிப் பார்த்தார்.

"எனக்கு எங்க மாமா கரப்பான் இருக்கு?"

"வந்தப்புறம் பேசிக்கலாம் மாப்ள."

பலன் இல்லாமல் இல்லை. மடிப்புகளில் சிவப்பு தணிந்தது. சிட்டு சொறிவதை மறந்து படம் வரைய ஆரம்பித்தாள். "பொண்ணு தேவலைங்க. ஆனா தலகாணி, சோபா, டிவி ரிமோட்டுன்னு எல்லாத்துக்கும் சேர்த்து வைத்தியம் நடக்குது" என்றார் வங்கியில் வேலை பார்க்கும் மனைவி.

இந்த நிம்மதியில்தான் ஒரு மாலை சிட்டு சொன்னாள்: "ஸ்கூல்ல வட்டமா சுத்தும்போது யாரும் என் கையப் பிடிச்சுக்க மாட்டேங்குறாங்கப்பா. விட்டுடறாங்க."

லிப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்து, தொற்றிக்கொள்ளும் என்று எந்த வீட்டிலோ சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். 'இது ஒட்டுற வியாதி இல்லை' என்ற சொற்பொழிவு தயாராயிற்று. லிப்டில் ஏறியவர்கள் எல்லாரும் அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் இறங்க முடிந்தது. மறுநாள் மகளுக்குத் தைரியம் வரட்டும் என்று உள்ளங்கையிலும் ஒரு பூச்சு கூடுதலாகப் பூசிப் பள்ளிக்கு அழைத்துப் போனார். என் மகனும் அதே வகுப்பு. கைகலப்பு நேர்ந்தால் விலக்கிவிட ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

மைதானத்தில் பிள்ளைகள் கைகோத்துச் சுற்றத் தொடங்கினார்கள். சிட்டுவுக்கு அடுத்து நின்ற ரெட்டைப் பின்னல்காரி விடுபட்டுப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

லிப்ட்காரர் பாய்ந்தார். "ஏம்மா, ஏன் அவ கைய விட்டே? இது ஒட்டுற வியா..."

"நான் எங்க அங்கிள் விட்டேன்? வழுக்குது! தெனமும் இறுக்கித்தான் பிடிக்கிறேன், இவ சோப்புக்கட்டி மாதிரி போயிடறா!"

"எனக்கும் வழுக்குது!" என்றது அந்தப் பக்கத்துக் கை.

டீச்சர் வேறெங்கோ பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். சிட்டு விழுங்கவில்லை, வாய்விட்டே சிரித்தாள். லிப்ட்காரர் கைக்குட்டையை எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மகளின் உள்ளங்கைகளை விரல் விரலாகத் துடைத்தார். ரெட்டைப் பின்னல்காரி அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிடி நின்றது.

"நீங்களும் வாங்க அங்கிள்" என்று மறு கையை நீட்டினாள்.

லிப்ட்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கைக்குட்டை ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் மார்பிலேயே இரண்டு கைகளையும் அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டு, வட்டத்துக்குள் போனார்.