கிண்ணியாப் பாலத்தில் டபிள்ஸ்

காலை ஏழு மணிக்கே திருகோணமலை இறங்குதுறையில் வெயில் சுள்ளென்று அடித்தது. மூதூருக்குப் போகும் படகுக்காரர் எங்கள் இரண்டு சைக்கிள்களையும் பார்த்தார். பிறகு எங்கள் இருவரின் வயிற்றையும் பார்த்தார்.

"மூதூரில இருந்து இதிலயா திரும்பி வாறீங்கள்? பஸ் ஓடுதே!"

"பஸ் ஓடுறது தெரியும் அண்ணை. நாங்கள் ஓடுவமோ எண்டுதான் பாக்கப் போறம்" என்றான் ரவி. படகில் இருந்த சனம் சிரித்தது.

ரவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். இருபத்தைந்து வருடங்களாகப் பிரான்சில் இருக்கிறான். சிறுவயதில் சைக்கிள் பழகப் போய் விழுந்து முழங்கையை முறித்தான். அதற்குப் பிறகு அவனுடைய அம்மா அவனைச் சைக்கிளைத் தொடவே விடவில்லை. பள்ளிக்கூடம், டியூசன், படம் எல்லாவற்றுக்கும் அவன் வந்தது என் கரியரில்தான். 'கரியர் ரவி' என்றால்தான் ஊரில் தெரியும். அப்பேர்ப்பட்ட மனிசன் நாற்பத்தாறு வயதில், அங்கே ஒரு வாய்க்கால் கரையில், பெற்ற மகளிடம் சைக்கிள் பழகியிருக்கிறான்! இப்போது ஞாயிறுதோறும் பிரெஞ்சுக் கிராமங்களைச் சுற்றுகிறானாம்.

இம்முறை வந்து இறங்கிய அன்றே சொல்லிவிட்டான். "மச்சான், திரும்பிப் போறதுக்குள்ள ஒருக்கா உன்னைக் கரியரில வைச்சு நான் உழக்கோணும். அதுக்குத்தான் வந்தனான் எண்டு வைச்சுக்கொள்."

"உனக்கென்ன விசரே?" என்றேன். நான் எண்பத்தெட்டுக் கிலோ. டவுனில் கடை வைத்திருப்பவன். கரியரில் குந்திக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பயணத்துக்கு மட்டும் சம்மதித்தேன். பயண நாள் போயா, பௌர்ணமி விடுமுறை, கடைக்கு லீவு. மறுநாள் இரவு அவனுக்கு விமானம்.

படகு கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது. எட்டரைக்கு மூதூர். இறங்குதுறைக்குப் பக்கத்துக் கடையில் எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும் சாப்பிட்டோம், பிளேன்ரீ குடித்தோம். தேநீர் அறுபது ரூபா. ரவி சட்டியை வழித்து முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். வெறும் வயிற்றில் ஓடுவதுதான் நல்லதென்று படகில் எனக்கு வகுப்பெடுத்தவனும் இவன்தான்.

கிண்ணியா இருபது கிலோமீற்றருக்குள்தான் இருக்கும். என் மகன் கியர் சைக்கிளை இரவல் தந்திருந்தான், அதில் ரவி. கரியர் வைத்த என் பழைய சைக்கிளில் நான். இரண்டு பக்கமும் வயல். ரவிக்கு வாய் ஓயவில்லை. "எங்கட பிரான்சில" என்றுதான் ஒவ்வொரு கதையும் தொடங்கும். சூரியகாந்தித் தோட்டங்களுக்கு நடுவே போகலாமாம். மத்தியானம் ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுமாம். பேக்கரியில் வாங்கிய சுடுபாணைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாமாம்.

"வழியில சனம் கதைக்காதோ?"

"பொன்ஜூர் எண்டுவினம். அவ்வளவுதான்."

இங்கே அப்படியா? மதகில் இருந்தவர், வேலியில் உடுப்புக் காயப்போட்ட பெண், மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிக் கூடவே வந்தவர் என்று எல்லோருக்கும் நாங்கள் எங்கே போகிறோம், ஏன் போகிறோம், வீட்டில் சொல்லிவிட்டு வந்தோமா என்று தெரிய வேண்டியிருந்தது. கிண்ணியாவுக்கு முன்னால் உள்ள கங்கைப் பாலம் வருவதற்குள் ரவி, கேட்க முன்னமே பதில் சொல்லத் தொடங்கிவிட்டான். "டவுனுக்குப் போறம்! சும்மாதான்! ஓம், சொல்லிப்போட்டுத்தான் வந்தனாங்கள்!"

பாலத்துக்கு அப்பால் எருமைக் கூட்டமொன்று ரோட்டை மறித்து நின்றது. "பிரான்சில மாடு வேலிக்குள்ள நிக்கும்" என்றான். "இஞ்ச நீதான் ஒதுங்கி நிக்கோணும்" என்றேன். நின்றோம். அவற்றுக்கு ஒரு அவசரமும் இல்லை.

பன்னிரண்டரைக்குக் கிண்ணியா. மீன்குழம்போடு வயிறு முட்டச் சோறு தின்று, வாகை மர நிழலில் படுத்து எழும்ப நாலு மணியாகிவிட்டது. கிண்ணியாப் பாலத்தடிக்கு வந்தபோது 'டக்' என்றொரு சத்தம். கியர் சைக்கிளின் செயின் அறுந்து தொங்கியது. திருத்தலாம் என்று பார்த்தால், பக்கத்துச் சைக்கிள் கடையும் பூட்டு.

கைவிரலெல்லாம் கிறீஸோடு நாங்கள் நின்றபோது ஒரு பட்டா, அதுதான் அந்தச் சின்ன லொறி, பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நிஜாம் என்ற கிண்ணியாக்காரர்.

"என்ன அண்ணன், செயின் போயிட்டா? ரெண்டு சைக்கிளையும் பின்னால ஏத்துங்க. நான் சீனன்குடாவால டவுனுக்குத்தான் போறன்."

எனக்கு உயிர் வந்தது. "பெரிய உதவி தம்பி" என்று பின் கதவைத் திறந்தேன். ரவி கியர் சைக்கிளை ஏற்றினான். என் சைக்கிளையும் பிடித்தான். கரியரில் கையை வைத்தபடி ஒரு கணம் பாலத்தைப் பார்த்தான். நாள் முழுக்க ஓயாத வாய் அப்போதுதான் மூடியது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"பொறடா" என்றேன். "அதை ஏத்தாத."

"அப்ப அது எப்பிடி வாற?" என்று கேட்டார் நிஜாம்.

"அதில நாங்கள் வாறம். பாலத்துக்கு அங்கால வந்து ஏறுறம்."

"ரெண்டு பேருமா? ஆரு மிதிக்கிற?"

"இவன்."

நிஜாம் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "யா அல்லாஹ்!" என்றார்.

முதல் தடவை கவிழப் பார்த்தோம். இரண்டாம் தடவை கவிழ்ந்தே விட்டோம். மூன்றாம் தடவை நிஜாம் இறங்கி வந்து என் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். சைக்கிள் கோணல்மாணலாகப் பாலத்தில் ஏறியது. நானூறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த பாலம், எதிர்க்காற்று வேறு. ரவியின் சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பின்னால் நிஜாம் சிக்னல் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வர, அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹோன் அடித்தன.

பாலக் கம்பியோரம் தூண்டில் போட்டு நின்றவர்களில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுவிட்டார். "முதலாளி! என்ன கோலம் இது?"

முகத்தைத் திருப்பத்தான் நினைத்தேன். எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது. கையை உயர்த்தி ஆட்டினேன். சைக்கிளும் ஆடியது.

"ஆடாத, சனியன்!" என்று கத்தினான் ரவி. மூச்சு வாங்கியது அவனுக்கு. "என்ன தெரியுது அங்க?"

அப்போதுதான் பார்த்தேன். இந்தப் பாலத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், ஹாண்டிலைப் பிடித்தபடி, முன்னால் போகிற வாகனத்தைப் பார்த்தபடி. இப்போது என் கையில் ஒரு வேலையும் இல்லை. ஒரு பக்கம் தம்பலகாமக் குடாவில் வெயில் சாய்ந்து தண்ணீர் மினுங்கியது. மறுபக்கம் கொட்டியாரக் குடா, காலையில் நாங்கள் வந்த கடல், ஒரு கரையிலிருந்து மறுகரை வரை விரிந்து கிடந்தது.

"எல்லாம் தெரியுதடா" என்றேன்.

"அந்தக் காலத்தில நான் இப்பிடித்தான் பாத்துக்கொண்டு வந்தனான்" என்றான் திரும்பாமல். "உனக்கு எங்க தெரியும்? நீ ரோட்டைத்தானே பாத்தனீ."

பாலம் முடிந்தது. நிஜாம் முந்திக்கொண்டு போய் நிறுத்தி, பின் கதவைத் திறந்துவைத்தார். ரவி காலை ஊன்றினான்.

"இறங்கு மச்சான். முடிஞ்சுது."

நான் இறங்கவில்லை. அவன் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சீனன்குடா வரைக்கும் உழக்கடா" என்றேன்.