அபியின் கன்னத்தில் நாலு விரல்

பேய் பிசாசுக்கெல்லாம் அசருகிற பிறவி இல்லை மணிமொழி. வடக்குத்து கிராமத்தில் சுடுகாட்டை ஒட்டிய வீட்டில் பிறந்து, அங்கிருந்த புங்கமரத்தடியில் பாண்டி ஆடி வளர்ந்தவள். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் கூட்டிப் பெருக்கும் காண்ட்ராக்ட் வேலை. இதோ பர்மனென்ட், அதோ பர்மனென்ட் என்று வருஷக்கணக்காக யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சொல்கிற வாய்க்கு வலியா என்ன.

புருஷன் நெடுமாறனுக்குச் சுரங்கத்தில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் கை கழுவ மாட்டான். நிலக்கரித் தூளோடு மகள் அபியின் கன்னத்தைத் தடவுவான். நாலு விரலும் கறுப்பாகப் பதியும். மணிமொழி திட்டிக்கொண்டே துடைத்துவிடுவாள். அப்புறம் பண்ருட்டிக் கடைத்தெருவில் வாங்கிய வெள்ளை கிரீமை அவனே குழந்தைக்குப் பூசுவான்.

"எம் பொண்ணு என்னாட்டம் கருத்துடக் கூடாது" என்பான். டப்பியில் கம்பெனிப் பெயர்கூடக் கிடையாது. மலிவு என்று ஒரு பை நிறைய வாங்கி வைத்திருந்தான்.

2014 தை மாதம், பண்ருட்டி ரோட்டு வளைவில் பைக்கோடு போய்ச் சேர்ந்தான். அபிக்கு நாலு வயது. சாயங்காலமானால் மணிமொழி அந்தக் கிரீமைக் குழந்தைக்குப் பூசினாள். அவன் ஆசைப்பட்டது, அதையாவது செய்வோமே என்றுதான்.

ஆனியில் அவள் விரலிடுக்கில் சொறி கண்டது. டாக்டரம்மா ஒருவர் கந்தகக் களிம்பு எழுதிக் கொடுத்தார். "படுக்கறப்போ மெல்லிசா தடவுங்க, காலையில கழுவிடுங்க. மூஞ்சியில படக் கூடாது. வேற கிரீம் எதோடயும் சேரக் கூடாது" என்றார். தன் மூஞ்சியைத்தான் சொல்கிறார் என்று மணிமொழி தலையாட்டினாள். அரிப்பு தாங்காமல் மெல்லிசாகத் தடவ வேண்டியதை அப்பிக்கொண்டாள். விரல் சிவந்து, வறண்டு, தோல் உரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷம் வேறு.

ஒருநாள் காலை அபி எழுந்து வந்தாள். இடது கன்னத்தில் நாலு விரல், கறுப்பாக. அவளைச் சுற்றி அழுகிய முட்டை நாற்றம். மணிமொழி முந்தானையால் துடைத்தாள், போகவில்லை. சோப்புப் போட்டாள், போகவில்லை. நிலக்கரித் தூளென்றால் தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். இது தோலில் ஊறிக் கிடந்தது.

அபி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா கையி" என்றாள்.

மணிமொழி குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இதைப் பட்டப்பகலில் தெருவே வந்து பார்த்தது.

"கொழந்தைய விட்டுப் போவ மனசில்லாம வந்துகினு இருக்கான்டி" என்றாள் பக்கத்து வீட்டு மாரியம்மாள். "இன்னிக்குத் தொட்டவன் நாளைக்குத் தூக்கிகினு போயிடுவான்."

அன்றிலிருந்து மணிமொழி குழந்தையின் கன்னத்தை விரல்களால் மூடிக்கொண்டே படுத்தாள். அவன் தொட வேண்டுமென்றால் தன் கையைத் தாண்டித்தான் தொட வேண்டும். விடிந்து பார்த்தால் தடம் இன்னும் கறுத்திருந்தது. இவள் காவல் காக்கக் காக்க அவன் நெருங்கி வந்தான். கன்னம் எரிகிறது என்று அபி அழ ஆரம்பித்தாள். போனவன் போனான், இருக்கிற ஒன்றையும் கேட்கிறானே என்று மணிமொழிக்கு ஆத்திரம் பொங்கியது.

ஆடி அமாவாசைக்கு அவனுக்குப் பிடித்த பலாச்சுளையை வைத்துப் படைக்க வேண்டும். அவள் படைக்கவில்லை. மாரியம்மாள் சொன்னபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இந்த வூடு ஒனக்கு இல்ல. இனிமே வராதய்யா" என்றாள்.

களிம்பு தீர்ந்ததும் திரும்ப டாக்டரம்மாவிடம் போனாள். அபியை யாரை நம்பி விட்டுப் போவது? இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு போனாள். டாக்டரம்மா இவள் விரலைப் பார்க்கவே இல்லை, குழந்தையின் கன்னத்தைத்தான் பார்த்தார். என்ன பூசுகிறீர்கள், எப்படிப் படுப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"உங்க கைய அவ கன்னத்துல வைங்க" என்றார்.

வைத்தாள். நாலு விரலும் நாலு தடத்தில் அச்சாகப் பொருந்தின.

"பேரில்லாத வெள்ளை கிரீம்ல பாதரசம் கலந்திருப்பாங்க. தூக்கத்துல உங்க கையில இருக்கற கந்தகம் அதுல பட்டா கருக்கும், நாறும், தோலைப் புண்ணாக்கும். கிரீமை இன்னியோட நிறுத்துங்க, அது கிட்னிக்கே ஆகாது. டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம். கறை தானா உரிஞ்சிடும்."

டெஸ்டில் பயப்பட ஒன்றுமில்லை. கறையும் உரிந்தது. குழந்தை பிழைத்தாள் என்று மாரியம்மாள் கற்பூரம் ஏற்றினாள்.

மணிமொழி மட்டும் அமாவாசையே இல்லாத ஒரு நாளில் பலாச்சுளை வாங்கி வந்து இலை போட்டாள். துடைப்பம் பிடித்து நின்ற அதே வாசலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்த வெறும் வாசலையே பார்த்தாள்.

"அப்ப நீ ஒரு வாட்டிகூட வரலியாய்யா" என்று கேட்டுவிட்டு, அவன் செத்த அன்று அழாத அழுகையை அழுதாள்.