ஆளில்லாமல் வந்த வள்ளம்

அனலைதீவில் ரியூசன் வகுப்பெடுக்கப் படகில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் பிடித்தது. வெயிலுக்குள் ஒரு வள்ளம் கறுப்பாக எதிரே வந்தது. ஓட்டியவர் குனிந்திருந்ததால் ஆளே தெரியவில்லை. முந்தினநாள் பார்த்த படம் அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது.

இரத்தம் குடிக்கும் பிரபு ஒருவன் கப்பலேறித் துறைமுக நகரமொன்றுக்கு வருகிற பழைய ஊமைப்படம். அதைத்தான் இப்போது திரும்ப எடுத்திருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் பல்லையும் இரத்தத்தையும் காட்டியே முடித்திருப்பார்கள். இந்த இயக்குநருக்கு அவசரமே இல்லை. ஒரு மெழுகுதிரி, ஒரு சுவர், சுவரில் நகரும் விரல்களின் நிழல். அவ்வளவுதான், நான் பயத்தில் காலைத் தூக்கி, உட்கார்ந்திருந்த கதிரைக்கு மேல் வைத்துவிட்டேன்! மாலுமிகள் ஒருவருமில்லாத கப்பல் தானாகக் கரைசேரும் காட்சியை மட்டும் மூன்று தரம் பார்த்தேன்.

அதை நானும் எடுக்க வேண்டும். கரம்பொன்னில் எங்கள் அடுத்த வீட்டு அண்ணை கடற்றொழில் செய்பவர். "தொழிலால திரும்பி வரேக்க, கரைக்குக் கிட்ட வள்ளத்துக்குள்ள படுத்தால் போதும் அண்ணை" என்று கெஞ்சினேன்.

"நான் கடலுக்குப் போறதே படுக்கத்தான் எண்டு மனிசி சொல்லுறவள்" என்று சிரித்தபடி சம்மதித்தார்.

மறுநாள் காலை எஞ்சினை நிறுத்திவிட்டு வலைக்குக் கீழே படுத்தார். வள்ளம் காற்றோடு மெல்ல வந்தது. படத்தில் இருந்த அதே மௌனம். கைபேசியைப் பிடித்தபடி மூச்சை அடக்கி நின்றேன். அப்போது பின்னால் ஓர் அலறல். மீன் எடுக்க வந்த அவர் மனைவி, கூடையை எறிந்துவிட்டுச் சேலையோடு கடலுக்குள் ஓடினார். ஆளில்லாத வள்ளம் கரைக்கு வந்தால் இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கும் அது தெரியாததல்ல, யோசிக்கவில்லை.

அண்ணை வலையோடு எழும்பினார். "என்னப்பா, என்ன நடந்தது?"

"பிணம் மாதிரிக் கிடந்திட்டு என்ன நடந்ததெண்டோ கேக்கிறியள்?" இடுப்பளவு தண்ணீரில் நின்று, தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தார் அக்கா. பிறகு என்னிடம் திரும்பினார். "படிச்ச பிள்ளையெண்டு நினைச்சன். இனி இந்த வள்ளத்தில கை வைச்சுப் பாரும்!"

எடுத்ததை அவர் முன்னாலேயே அழித்தேன். வீட்டுக்கு வந்து, வெட்கத்தோடு அந்தக் காட்சியை நாலாம் தரம் போட்டேன். கப்பல் சில நொடிதான் வருகிறது. மிச்ச நேரமெல்லாம் கரையில் காத்து நிற்கும் சனங்களின் முகங்கள். எவ்வளவு பெரிய கலைஞர்! நான்தான் கப்பலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நாளைக்கு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்னொன்றும் கேட்கப்போகிறேன். வள்ளம் வேண்டாம். அவர் கரையில் நின்று கடலைப் பார்த்தால் போதும். அண்ணையை அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் எடுப்பேன்.